பூக்கொடிக்கு அளவுச் சாப்பாடு

"சங்குப்பூக் கொடி மாடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் போயிடுச்சு தம்பி. இன்னும் ஒரு பூகூட வைக்கலை. என்ன உரம் போடலாம்?"

எதிர்வீட்டு அக்கா கேட்டார். இதுவரை என்னென்ன போட்டிருக்கிறார் என்று விசாரித்தேன். மண்புழு உரம், கடலைப் புண்ணாக்குக் கரைசல், வாரம் தவறாமல் மீன் அமிலம். "புதுசா எதுவும் வேண்டாங்க்கா, போடறதை நிறுத்துங்க, பூத்துடும்" என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "கத்தரிக்கும் இதையேதானே ஊத்தறேன். அது நல்லாத்தானே காய்க்குது?"

நியாயமான கேள்வி. பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது. கத்தரிக்கு ஊற்றியதையே சங்குப்பூவுக்கும் ஊற்றியதுதான் கோளாறு. மாடித்தோட்டக்காரர்கள் நாலு பேர் கூடினால் 'எதைப் போடலாம்' என்றுதான் பேச்சு ஓடும். யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பது பேச்சில் வருவது குறைவு. காய்ச்செடிக்கு முழுச் சாப்பாடு, பூக்கொடிக்கு அளவுச் சாப்பாடு. இதுதான் என் மாடியின் சட்டம். அதற்கான காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பூக்கொடிக்கு மாடியில் என்ன வேலை?

இடமே இல்லாத மாடியில் காய் தராத கொடி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. சாமிக்குப் பூ, தலைக்குப் பூ என்பதெல்லாம் சரிதான். அதற்கு மேலும் ஒரு வேலை இருக்கிறது. மூன்றாவது மாடிக்குத் தேனீயை வரவழைப்பது யார்? பாகலில் நாலு பூ, வெள்ளரியில் மூன்று பூ என்று இருந்தால் அதற்காக எந்தத் தேனீயும் அவ்வளவு உயரம் ஏறி வராது. கண்ணில் படும்படி ஒரு பூப்பந்தல் இருந்தால் வரும். வந்தது பக்கத்துப் பந்தலையும் பார்த்துவிட்டுத்தான் போகும்.

இதில் நேரக்கணக்கு ஒன்று உண்டு. கொடிக்காய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பூப்பதில்லை. பாகல், பூசணி, வெள்ளரி மூன்றும் காலைப் பூக்கள். பூசணி விடிவதற்கு முன்பே விரிந்து, வெயில் ஏறும்போது சுருங்கிவிடும். இவற்றுக்குத் தேனீதான் கதி. சுரை, புடலை, பீர்க்கு மூன்றும் மாலைப் பூக்கள். சுரைப்பூவும் புடலைப்பூவும் வெள்ளை வெளேரென்று இருப்பது இருட்டில் வரும் அந்துப்பூச்சியின் கண்ணில் படுவதற்காக. பகலில் மட்டும் மாடிக்குப் போகிறவர்கள் "சுரைக்குப் பிஞ்சு நிக்கவே மாட்டேங்குது, தேனீ நிறைய வருதே" என்று குழம்புவது இதனால்தான். தேனீ வரும் நேரத்தில் சுரைப்பூ வாடத் தொடங்கியிருக்கும்.

ஆகவே நான் பூக்கொடியை நேரம் பார்த்து ஜோடி சேர்ப்பேன். பாகலுக்கும் வெள்ளரிக்கும் பக்கத்தில் சங்குப்பூ. சுரை, புடலைப் பந்தலுக்குப் பக்கத்தில் ரங்கூன் மல்லி. ரங்கூன் மல்லி தெரியும்தானே? கொத்துக்கொத்தாகத் தொங்கும், வெள்ளையும் இளஞ்சிவப்பும் சிவப்பும் ஒரே கொத்தில் இருக்கும். அவை மூன்று வகைப் பூக்கள் அல்ல. பூ மாலையில் வெள்ளையாக விரிகிறது, மறுநாள் இளஞ்சிவப்பாகிறது, அதற்கடுத்த நாள் சிவக்கிறது. வெள்ளையாக இருக்கும் முதல் இரவில் வாசனைக்கு அந்துப்பூச்சி வரும். நிறம் மாறிய பிறகு பகலில் தேனீ, வண்ணத்துப்பூச்சி, தேன்சிட்டு எல்லாம் வரும். ஒரே கொடி இரண்டு ஷிப்ட் பார்க்கிறது. ஆனால் அசுர வளர்ச்சி. சின்னப் பையில் நிற்காது, பெரிய டிரம் வேண்டும், இல்லையென்றால் தரையில் நட்டு மாடிக்கு ஏற்ற வேண்டும்.

கத்தரிக்கும் தக்காளிக்கும் கணக்கு வேறு. அவற்றின் மகரந்தப் பை மகரந்தத்தைத் தானாகக் கொட்டிவிடாது, நுனியில் உள்ள சின்னத் துளை வழியாகத்தான் வெளியே விடும். அதைப் பிடித்துக்கொண்டு அதிரும்படி ரீங்கரித்தால்தான் மகரந்தம் கொட்டும். சாதாரணத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. வயிற்றில் நீலப் பட்டை போட்ட தேனீக்கும், நாம் கருவண்டு என்று சொல்லும் தச்சுத் தேனீக்கும் தெரியும். நீலப்பட்டைத் தேனீயைப் பிடித்து வைக்கத் துளசி போதும், பூக்கட்டும் என்று இரண்டு செடியைக் கிள்ளாமல் விட்டுவிடுங்கள். கருவண்டு சங்குப்பூவைத் தேடி வரும். இவை எதுவுமே வராத மாடியென்றால் காலையில் பூக்கொத்தின் காம்பை விரலால் லேசாகச் சுண்டிவிடுங்கள். பழைய எலெக்ட்ரிக் டூத் பிரஷ் இருந்தால் இன்னும் நல்லது.

கொடி ஏறும் விதம்

விதைப்பதற்கு முன்பே பந்தல் தயாராக இருக்க வேண்டும். கொடி வளர்ந்த பிறகு கயிறு தேடினால் அது பக்கத்துச் செடியின் கழுத்தைச் சுற்றியிருக்கும்.

எல்லாக் கொடிக்கும் ஒரே பந்தல் ஒத்துவராது. சங்குப்பூ, அவரை, முல்லை எல்லாம் தண்டாலேயே சுற்றி ஏறுபவை. இவற்றுக்குச் செங்குத்தாக ஒரு கயிறோ மெல்லிய கம்போ போதும். தடித்த பிவிசி குழாயை நட்டுவிட்டு "ஏற மாட்டேங்குது" என்றால் அது எப்படிச் சுற்றும்? குழாயின் மேல் சணல் கயிற்றைச் சுற்றிவிட்டால் பிடித்துக்கொள்ளும். பாகல், புடலை, பீர்க்கு, சுரை பற்றுக்கம்பியால் பிடிப்பவை. இவற்றுக்கு வலை. செங்காந்தளுக்கு இலை நுனியே பற்றுக்கம்பி. காகிதப்பூ எதையும் பிடிக்காது, முள்ளால் மாட்டிக்கொண்டு சாயும், நாம்தான் கட்டிவிட வேண்டும்.

பாகல் கொடியின் பற்றுக்கம்பியைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். வலையைப் பிடித்த பிறகு ஸ்பிரிங் மாதிரிச் சுருண்டிருக்கும். பாதி தூரம் ஒரு திசையில் சுருண்டு, நடுவில் ஒரு நேர்த்துண்டு, பிறகு எதிர்த்திசையில் சுருள் தொடங்கும். இரண்டு முனையும் கட்டுண்ட கம்பி முறுக்கிக்கொண்டு அறுந்துபோகாமல் சுருள்வதற்கு அதுதான் வழி. சார்லஸ் டார்வின் இதில் மனதைப் பறிகொடுத்தவர். அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரே சுரைக்குடும்பக் கொடிகளின் பற்றுக்கம்பி பற்றி எழுதிய ஒரு சிறு கட்டுரைதான் அவரை இந்தப் பக்கம் இழுத்தது. 1865-இல் கொடிகளைப் பற்றி நீண்ட ஆய்வுரை எழுதினார், 1875-இல் அது புத்தகமாகவும் வந்தது. சூறைக்காற்று அடிக்கும்போது வேண்டுமென்றே வெளியே போய், வேலியில் படர்ந்த கொடி எப்படித் தாங்குகிறது என்று பார்த்து நின்றவர் அவர். காற்றில் கிளை இழுபடும்போது சுருள் நீண்டு கொடுக்கிறது, அதனால் அறுவதில்லை. ஆடிக் காற்றில் மாடிப் பந்தலைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். நைலான் கயிற்றால் தண்டை இறுக்கிக் கட்டுகிறவர்களும் இதை யோசிக்க வேண்டும். பழைய பருத்திச் சேலைக் கிழிசலை எட்டு வடிவத்தில் தளர்வாகக் கட்டுங்கள், காற்றுக்கு ஆட இடம் இருக்கட்டும்.

செங்காந்தள் நம் மாநில மலர். பூவின் அழகுக்கு ஈடே இல்லை. ஆனால் செடி முழுக்க நஞ்சு, கிழங்கில் அதிகம். குழந்தைகளும் நாய் பூனையும் நடமாடும் மாடியில் வேண்டாம். சீசன் முடிந்ததும் கொடி காய்ந்து, கிழங்கு மண்ணுக்குள் தூங்கும். செத்துவிட்டது என்று பையைக் கொட்டிவிடாதீர்கள், கிழங்கு வேறு கிழங்கோடு கலந்துவிடவும் கூடாது.

அளவுச் சாப்பாடு யாருக்கு?

சங்குப்பூ அவரைக் குடும்பம். அதன் வேர்முடிச்சுகளில் குடியிருக்கும் பாக்டீரியா காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கிறது. வேரில் ஒரு முடிச்சை நசுக்கிப் பாருங்கள், உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். நாம் தழைச்சத்தை வாரி வழங்கினால் செடி அந்தக் குடித்தனத்தையே குறைத்துக்கொள்கிறது. இலையும் கொடியுமாகத் தழைக்கிறது, பூக்க அவசரமே இல்லை. அக்கா வீட்டுக் கொடியின் கதை இதுதான். நடும்போது மண்ணில் கலந்த தொழு உரம் போதும். விதையை ஒரு இரவு ஊறவைத்து ஊன்றி, நல்ல வெயில் படும் இடத்தில் வைத்தால் ஓரிரு மாதத்தில் பூத்துவிடும். காய்ந்த நெற்றுகளை உடனே பறித்துவிட்டால் தொடர்ந்து பூக்கும்.

அவரைக்கும் காராமணிக்கும் இதே பேச்சுத்தான். அவை காய் தரும் கொடிகள் என்றாலும் தழைச்சத்து விஷயத்தில் சங்குப்பூவின் சொந்தக்காரர்கள்.

மல்லி, முல்லைக்கு உரம் வேண்டும், ஆனால் விகிதம் வேறு. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் தரையில் வளரும் குண்டுமல்லிக்குச் சொல்லும் அளவு இது: செடி ஒன்றுக்கு ஆண்டுக்குத் தழைச்சத்து 60 கிராம், மணிச்சத்து 120 கிராம், சாம்பல்சத்து 120 கிராம், அதோடு 10 கிலோ தொழு உரம். ரசாயன உரத்தை இரண்டாகப் பிரித்து, கவாத்து செய்யும்போது ஒரு பாதி, ஜூன்-ஜூலையில் மறுபாதி. கவனியுங்கள், தழைச்சத்தைப் போல மற்ற இரண்டும் இரண்டு மடங்கு. தொட்டிச் செடிக்கு அந்த அளவில் சிறு பங்கே தாங்கும், ஆனால் விகிதம் அதேதான். இயற்கை வழியில் போகிறவர்கள் தொழு உரத்தோடு எலும்புத் தூளைக் கொஞ்சம் கூட்டி, புண்ணாக்கைக் குறைத்தால் மணிச்சத்தில் கிட்டத்தட்ட அங்கே வந்துவிடலாம்.

உரத்தைவிட மல்லிக்கு முக்கியம் கத்தரிக்கோல். புதுத் துளிரில்தான் மொட்டு வரும். குண்டுமல்லியை நவம்பர் கடைசியிலும், ஜாதிமல்லியை டிசம்பர் கடைசியிலும், முல்லையை ஜனவரி கடைசியிலும் கவாத்து செய்வது தமிழ்நாட்டு வழக்கம். குண்டுமல்லியை அரை மீட்டர் உயரத்துக்கு வெட்டலாம். கை நடுங்கும்தான். வெட்டாமல் விட்ட செடி பங்குனி சித்திரையில் நாலு பூ தரும்போது பக்கத்து வீட்டில் முழமாகக் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

முழுச் சாப்பாடு யாருக்கு?

கத்தரி, மிளகாய், தக்காளி, வெண்டை, சுரை, புடலை, பீர்க்கு, பாகல். இவை நல்ல சாப்பாட்டு ராமன்கள். தரையில் நட்டால் வேர் தேடிப் போய்ச் சாப்பிடும். பன்னிரண்டு அங்குல அகலமும் உயரமும் கொண்ட வளர்ப்புப் பையில் மொத்தம் 22 லிட்டர் மண்கலவைதான் பிடிக்கும். அதில் பாதி தென்னை நார்க்கழிவு. அது தண்ணீரைப் பிடித்து வைக்குமே தவிர, அதில் சத்து என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக இல்லை. நாம் தினமும் ஊற்றும் தண்ணீரோடு இருக்கும் சத்தும் அடி ஓட்டை வழியாக வெளியே போகிறது. அதனால் ஒரேயடியாகக் கொட்டுவதில் பலனில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்க வேண்டும்.

மூன்று கட்டமாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கட்டம், நட்டதிலிருந்து பூ வரும்வரை. இலையும் தண்டும் வளரும் பருவம், தழைச்சத்துக்கு இதுதான் நேரம். கடலைப் புண்ணாக்கில் தழைச்சத்து ஏறத்தாழ 7 சதவீதம், வேப்பம் புண்ணாக்கில் 5 சதவீதம். ஒரு கைப்பிடிப் புண்ணாக்கை இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, தெளிவைப் பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து வேர்ப்பகுதியில் ஊற்றலாம். காய்ந்த புண்ணாக்கை அப்படியே பையில் தூவினால் பூஞ்சணமும் புழுவும் எறும்பும் வந்துசேரும். வேப்பம் புண்ணாக்கை மட்டும் மண்கலவை தயாரிக்கும்போதே கலந்துவிடலாம், நூற்புழுவுக்கும் அது எதிரி. மீன் அமிலம் என்றால் லிட்டருக்கு 5 மில்லி போதும்.

இரண்டாம் கட்டம், முதல் மொட்டு தெரிந்ததும். புண்ணாக்குக் கரைசலையும் மீன் அமிலத்தையும் பாதியாகக் குறையுங்கள். இப்போது பஞ்சகவ்யா. கொடுமுடி டாக்டர் நடராஜன் பரப்பிய கரைசல். லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி கலந்து தெளிக்கலாம். தேங்காய்ப்பாலும் மோரும் சேர்த்துத் தேமோர்க் கரைசல் செய்கிறவர்கள் அதையும் இப்போது மாற்றி மாற்றித் தெளிப்பார்கள். தெளிப்பு எதுவானாலும் விரிந்த பூவில் படவேண்டாம். மாலையில் தெளிப்பது நல்லதுதான், ஆனால் சுரையும் புடலையும் அப்போதுதான் கடை திறக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். இலையின் அடிப்பக்கம் பார்த்துத் தெளியுங்கள்.

கொடிக்காய்களில் முதலில் வருபவை எல்லாம் ஆண் பூக்கள். அவை உதிர்வதைப் பார்த்துப் பதறி உரம் போடுகிறவர்கள் நிறையப் பேர். அடியில் பிஞ்சு மாதிரிச் சின்ன முடிச்சோடு வருவதுதான் பெண் பூ, கொஞ்சம் பொறுத்தே வரும். கோடை வெப்பமும் மிதமிஞ்சிய தழைச்சத்தும் ஆண் பூக்களையே கூட்டும். சுரையில் பக்கக் கிளைகளில்தான் பெண் பூ அதிகம். நுனியைக் கிள்ளிப் பக்கக் கிளை வரவைப்பதைத்தான் மாடித்தோட்டக்காரர்கள் 3ஜி கட்டிங் என்கிறார்கள். உரமே இல்லாமல் காய் கூட்டும் வழி அது.

மூன்றாம் கட்டம், காய் பறிக்கத் தொடங்கியதும். ஒவ்வொரு பறிப்பிலும் செடியின் சத்து நம் சமையலறைக்குப் போகிறது. பதிலுக்கு ஏதாவது கொடுத்தாக வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு கைப்பிடி மண்புழு உரத்தை மேல்மண்ணில் கிளறிவிட்டு, காய்ந்த சருகால் மூடுங்கள். கரைசலும் தொடரட்டும்.

சமையலறை வைத்தியங்கள்

முட்டை ஓடு, வாழைப்பழத்தோல், அரிசி கழுவிய தண்ணீர். இந்த மூன்றையும் பற்றிக் கேட்காத ஆளில்லை.

முட்டை ஓட்டில் இருப்பது சுண்ணாம்பு. உடைத்துப் போட்ட ஓடு மண்ணில் லேசில் கரையாது. தக்காளியின் அடிப்பகுதி கறுத்து அழுகுவது கால்சியம் குறைவால் என்பது உண்மை. ஆனால் பெரும்பாலும் மண்ணில் கால்சியம் இருந்தும் செடியால் காய்க்குக் கொண்டுபோக முடியாததுதான் காரணம். ஒருநாள் வறட்சி, ஒருநாள் வெள்ளம் என்று தண்ணீர் விட்டால் இது வரும். ஓட்டைப் பொடிப்பதைவிட, ஒரே சீராகத் தண்ணீர் விடுவது பலன் தரும்.

வாழைத்தோலில் சாம்பல்சத்து உண்டு. நாலு தோலை ஊறவைத்த தண்ணீரில் வருவது சொற்பம். உரக்குழிக்கோ கம்போஸ்ட் வாளிக்கோ போடுங்கள், வீணாகாது. அரிசி கழுவிய தண்ணீர் கெடுதல் இல்லை, சாக்கடைக்குப் போவதைச் செடிக்கு ஊற்றுங்கள். அதைச் சாப்பாட்டுக் கணக்கில் மட்டும் சேர்க்காதீர்கள்.

அடுப்புச் சாம்பல் நல்ல சாம்பல்சத்துதான், ஆனால் காரத்தன்மை உள்ளது. ஏற்கெனவே உப்பும் சுண்ணாம்புமாக வரும் போர்வெல் தண்ணீர்க்காரர்கள் தவிர்ப்பது நல்லது. சாண எருவோடு சாம்பலைக் கலந்து வைத்தால் தழைச்சத்து அமோனியாவாகப் பறந்துவிடும். இரண்டையும் தனித்தனியாகவே வைத்திருங்கள்.

இலையைக் கேளுங்கள்

இலை மஞ்சளானதும் உரம் போடுவது அடுத்த பழக்கம். எந்த இலை மஞ்சள் என்று முதலில் பாருங்கள். தழைச்சத்தும் மக்னீசியமும் செடிக்குள் இடம் மாறக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி கீழ் இலையிலிருந்து எடுத்து மேலே துளிருக்குக் கொடுக்கும். அதனால் கீழ் இலை முழுக்க வெளிறினால் தழைச்சத்துக் குறைவு. கீழ் இலையில் நரம்பு பச்சையாக இருந்து, இடைப்பகுதி மட்டும் மஞ்சளித்தால் மக்னீசியம் குறைவு, அதற்கு எப்சம் உப்பு. இரும்புச்சத்து அப்படி இடம் மாறாது. அது குறைந்தால் நுனித் துளிர்தான் மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரியும். மல்லியில் இது அடிக்கடி வரும். சென்னைப் புறநகரின் கடின நீரில் மண் காரமாகிவிட, மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாமல் போகிறது. லிட்டருக்கு 5 கிராம் பெர்ரஸ் சல்பேட் கரைத்து, இலையில் மாதம் ஒருமுறை, சரியாகும்வரை தெளிக்கலாம். மழைநீர் சேமிப்பு இருந்தால் மல்லிக்கு அந்தத் தண்ணீர்தான் மருந்து. இந்த வித்தியாசம் தெரியாமல் துளிர் மஞ்சளுக்குப் புண்ணாக்கு ஊற்றினால் செடி இன்னும் வெளிறித்தான் வளரும்.

எப்போது, எதில் தொடங்குவது?

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது மாடிக்கும் பொருந்தும். ஆடியில் ஊன்றிய சுரையும் புடலையும் ஐப்பசி மழை கொட்டுவதற்குள் பந்தல் ஏறிக் காய்க்கத் தொடங்கியிருக்கும். அடைமழை நாட்களில் எந்த உரமும் போடாதீர்கள், காசு தண்ணீரோடு போகும். மழை விட்டு இரண்டு நாள் வெயில் அடித்த பிறகு போடுங்கள். அப்போது பையில் பழைய சத்து கழுவிப் போயிருக்கும், செடி உண்மையிலேயே பசியோடு இருக்கும். ஆடியை விட்டவர்களுக்குத் தைப்பட்டம் இருக்கிறது.

முதல்முறை தொடங்குகிறவர்களுக்கு என் யோசனை இதுதான். பெரிய டிரம் இரண்டு, சின்னப் பை நாலு போதும். ஒரு டிரம்மில் சுரை அல்லது புடலை. இன்னொன்றில் முல்லை அல்லது ரங்கூன் மல்லி. ஒரு பையில் சங்குப்பூவையும் பாகலையும் சேர்க்கவே சேர்க்காதீர்கள், ஒன்றுக்கு ஊற்றும் உரம் இன்னொன்றைக் கெடுக்கும். தனித்தனிப் பையில் நட்டு, ஒரே வலையில் ஏற்றுங்கள். மிச்ச இரண்டு பையில் கத்தரியும் மிளகாயும். உரக் கரைசல் வாளியை எடுத்துக்கொண்டு மாடி ஏறும்போது சங்குப்பூப் பையைத் தாண்டிப் போகும் மனஉறுதி மட்டும் வேண்டும். கை தானாகச் சாயும், பழகிவிடும்.